தரையில் எழுதும் எட்டு எழுத்துகள்: நெட்ஹேக்கின் ‘எல்பெரத்’ உண்மையில் என்ன செய்கிறது?

நெட்ஹேக் விளையாடத் தொடங்கும் எவருக்கும் முதல் வாரத்திலேயே ஓர் அறிவுரை வந்து சேரும்: “ஆபத்து என்றால் தரையில் எல்பெரத் என்று எழுது, எதுவும் உன்னைத் தொடாது.” இதன் முற்பாதி சரியானது. பிற்பாதியை நம்பி இறந்தவர்கள் ஏராளம். நானும் அவர்களில் ஒருவன். எழுதினேன், எழுத்தின் மேல் நின்றேன், வாளை ஓங்கினேன், அடுத்த இரண்டு முறைகளில் செத்தேன். விளையாட்டு என்னை ஏமாற்றவில்லை. அந்தச் சொல் எப்படிப்பட்ட பாதுகாப்பு என்பதை நான்தான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்கு ஒரு சிறு அறிமுகம். நெட்ஹேக் 1987 முதல் வெளிவந்துகொண்டிருக்கும் நிலவறை விளையாட்டு. சுவர், கதவு, எதிரி, நாய்க்குட்டி என எல்லாமே விசைப்பலகை எழுத்துகளாகத் திரையில் தெரியும். நீங்கள் ஒரு செயலைச் செய்த பிறகே எதிரிகள் தங்கள் செயலைச் செய்வார்கள். இந்த ஒரு சுற்றை ‘முறை’ என்று அழைப்போம். நீங்களோ எதிரியோ நிற்கும் ஓர் எழுத்தளவு இடம் ‘கட்டம்’. இறந்தால் பழைய சேமிப்பிலிருந்து மீண்டும் தொடங்க வழியில்லை. அதனால்தான் உயிர் காக்கும் ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு பேச்சு நடக்கிறது, அதில் பாதி அரைகுறையாகவும் இருக்கிறது.

வாசலில் தொங்கும் பலகை

மந்திரக் குறி என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு வட்டம் அல்லது கோடு. தீயது அதைத் தாண்டினால் எரிந்துபோகும். எல்பெரத்தை அப்படிக் கற்பனை செய்துகொண்டால் எல்லாக் கணக்கும் தவறிவிடும். அதைவிடப் பொருத்தமான உவமை நம் தெருவிலேயே இருக்கிறது. ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகையை எண்ணிப் பாருங்கள்.

அந்தப் பலகை யாரையும் கடிப்பதில்லை, கதவைப் பூட்டுவதுமில்லை. அதைப் பார்த்தவர் மனத்தில் ஒரு தயக்கத்தை உண்டாக்குகிறது. தயங்கியவர் தாமாகவே திரும்பிப் போகிறார். பார்வை இல்லாதவருக்குப் பலகை இருப்பதே தெரியாது. மின்மீட்டர் பார்க்க வருபவர் பார்த்துவிட்டும் உள்ளே வருவார். தெருவில் நின்று கல்லெறிபவனுக்குப் பலகையால் ஒரு தடையும் இல்லை. மழையில் எழுத்து கரைந்துவிட்டால் பலகை வெறும் தகரம்.

எல்பெரத்துக்கு உரிய விதிகள் ஏறத்தாழ அனைத்தும் இந்த நான்கு வாக்கியங்களில் இருக்கின்றன. பாதுகாப்பு நிகழும் இடம் தரையல்ல, எதிரியின் முடிவெடுக்கும் கணம். இனி வரும் எண்களும் விலக்குகளும் இதன் விரிவுதான்.

பெயரும் அதைக் கற்கும் வழியும்

எல்பெரத் என்பது டோல்கீன் படைத்த கற்பனை உலகில் எல்ஃப் இனத்தார் போற்றும் விண்மீன் அரசியின் பெயர். அங்கே அந்தப் பெயரைக் கூவினாலே கருநிழல் உருவங்கள் அஞ்சுகின்றன. நெட்ஹேக் அதைக் கூவும் சொல்லாக அல்லாமல் எழுதும் சொல்லாக எடுத்துக்கொண்டது.

விளையாட்டுக்குள்ளேயே இதைக் கற்பிக்கும் இடம் ஒன்று உண்டு. நிலவறையின் 5ஆம் தளத்துக்கும் 9ஆம் தளத்துக்கும் இடையே எங்கோ ஒரு தளத்தில் டெல்ஃபி என்ற மண்டபமும், அதன் நடுவே குறி சொல்பவளும் இருப்பார்கள். அவளிடம் பெரிய ஆலோசனை கேட்க 500 பொற்காசும், உங்கள் அனுபவ நிலை ஒவ்வொன்றுக்கும் 50 காசும் ஆகும். அவள் சொல்லக்கூடிய வாக்குகளில் ஒன்று எல்பெரத்தைப் பற்றியது: அந்தப் பெயரை உன் காலடியில் எழுது, அமைதியாக இரு, கால் பட்டு எழுத்து கலைந்துவிடாமல் பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். எந்த வாக்கு கிடைக்கும் என்பதை நாம் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், பெரும்பாலோர் இதை வாய்வழியாகவே கற்கிறார்கள். அப்படிக் கைமாறும்போது ‘அமைதியாக இரு’ என்ற பகுதிதான் உதிர்ந்துபோகிறது.

எதிரியின் முறையில் நடப்பது

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வருவோம். உங்கள் பக்கத்துக் கட்டத்தில் ஓர் எதிரி நிற்கிறது. அதன் முறை வருகிறது. தாக்குவதற்கு முன் விளையாட்டு அதன் சார்பில் ஒரு கேள்வி கேட்கிறது: இவர் நிற்கும் கட்டத்தில் என்னை மிரட்டும் எதுவும் இருக்கிறதா? எல்பெரத் என்ற சொல் அங்கே சரியாக எழுதப்பட்டிருந்து, அந்த எதிரி விலக்கு பெற்ற இனமாக இல்லாமல், அதற்குக் கண்ணும் தெரிந்தால், விடை ‘ஆம்’. உடனே அது மிரண்டு, சில முறைகளுக்கு ஓட்டம் பிடிக்கிறது. அந்த முறையில் உங்களை அடிப்பதில்லை.

இந்தக் கேள்வி கேட்கப்படுவது கைகலப்புக்கு மட்டும்தான். கைகலப்பு என்றால் பக்கத்துக் கட்டத்திலிருந்து பல்லாலோ நகத்தாலோ ஆயுதத்தாலோ அடிப்பது. தொலைவிலிருந்து எறியும் கத்தி, எய்யும் அம்பு, டிராகன் உமிழும் நெருப்பு, மந்திரக்கோலின் மின்னல் ஆகியவற்றை எல்பெரத் தடுக்காது. மிரண்டு ஓடிய எதிரியின் கையில் எறிவதற்கு ஏதாவது இருந்தால், ஓடிய தொலைவிலிருந்தே அது எறியும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எழுத்தின் மேல் நீங்கள் நின்றால்தான் அது வேலை செய்யும். 2015இல் தொடங்கிய 3.6 வரிசைப் பதிப்புகளில், எழுதிவிட்டு நகர்ந்துபோனால் அந்தக் கட்டம் எதிரிகளுக்கு வெறுந்தரையே. வாசலில் எழுதி வைத்து அறையைக் காப்பது, பொருள்குவியலின் மேல் எழுதி வைத்துத் திருட்டைத் தடுப்பது ஆகியவை நடக்காது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: எதிரி தன் முறையில் எழுத்தைப் பார்க்கிறது, மிரள்கிறது, கைகலப்பைக் கைவிடுகிறது. எட்டத் தாக்குதலுக்கும் எழுத்துக்கும் தொடர்பில்லை. நீங்கள் அதன் மேல் நின்றாக வேண்டும்.

பலகையை மதிக்காதவர்கள்

திரையில் ‘@’ என்ற குறியாகத் தெரியும் எவரும் எல்பெரத்தை மதிப்பதில்லை. மனிதர்கள் இந்தக் குறிக்குள் அடங்குவார்கள். படைவீடுகளிலிருந்து வரும் சிப்பாய்கள், கடைக்காரர்கள், மனித உருவில் திரியும் ஓநாய் மனிதர்கள் எல்லாரும் இதில் சேர்வார்கள். எல்ஃப்களும் ‘@’ குறியில்தான் வருவார்கள் என்பதால் அவர்களும் மிரள்வதில்லை. தங்கள் அரசியின் பெயரைப் பார்த்து அவர்கள் ஏன் மிரள வேண்டும் என்று கேட்டால் அதுவும் நியாயமாகவே படுகிறது.

மினோட்டார் என்ற காளைத்தலை அரக்கன் அடுத்த விலக்கு. சுற்றுவழிப் பாதைகளில் எதிர்ப்படும் இவன், ஒரே முறையில் மூன்று பலத்த அடிகள் கொடுப்பவன். ‘மினோட்டார் வந்துவிட்டான், எழுதி உட்கார்ந்துவிடலாம்’ என்று நினைப்பவர்களுக்கு அடுத்த முறை கிடைப்பது அரிது. தேவதூதர்கள், ஆட்டத்தின் முதன்மை எதிரியான யெண்டோரின் மந்திரவாதி, ஆட்டத்தின் இறுதிப் பகுதியில் வரும் மரணம், பஞ்சம், கொள்ளைநோய் என்ற மூவர் ஆகியோரும் மதிக்காதவர்கள். 3.6 வரிசையில் இடம் சார்ந்த விலக்கும் சேர்ந்தது: கெஹென்னம் எனப்படும் நிலவறையின் நரகப் பகுதியிலும் ஆட்டத்தின் இறுதிப் பகுதித் தளங்களிலும் இந்தச் சொல்லுக்கு வலிமையே இல்லை.

பட்டியலைப் பார்த்துத் தொடக்கக்காரர்கள் சோர்ந்துபோகத் தேவையில்லை. முதல் பத்துத் தளங்களில் உங்களைக் கொல்லக்கூடிய பெரும்பாலான உயிர்கள், அதாவது சிப்பாய் எறும்புகள், ஓநாய்கள், குள்ளர்கள், தொட்டவரைக் கல்லாக்கும் காகட்ரிஸ் போன்றவை, இதை மதிப்பவையே.

எழுதும் முறையும் எழுத்துப்பிழையும்

ஷிப்ட் விசையுடன் ஆங்கில ‘ஈ’ விசையை அழுத்தினால், எதைக்கொண்டு எழுதுகிறீர்கள் என்று விளையாட்டு கேட்கும். விரலால் எழுதக் கழித்தல் குறியை அழுத்த வேண்டும். பிறகு ஈ, எல், பி, ஈ, ஆர், ஈ, டி, எச் என்ற எட்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்பது பொருட்டல்ல. இது முழுவதும் ஒரே முறையில் முடிந்துவிடும். இப்படி விரலால் தரைத்தூசியில் எழுதுவதைத் ‘தூசி எழுத்து’ என்போம்.

நீங்கள் பிழையின்றித் தட்டச்சு செய்தாலும் உங்கள் கதாபாத்திரம் பிழையாக எழுதக்கூடும் என்பது புதியவர்கள் அறியாத செய்தி. தூசியில் எழுதும்போது ஒவ்வோர் எழுத்தும் 25இல் ஒரு வாய்ப்பில் வேறொரு குறியாக மாறிவிடும். ஓர் எழுத்துக்கு 4 விழுக்காடுதானே என்று தோன்றும். ஆனால் எட்டு எழுத்தும் ஒருங்கே சரியாக அமைய வேண்டும், 0.96ஐ எட்டு முறை பெருக்கினால் கிடைப்பது ஏறத்தாழ 0.72. ஆக, நான்கு தடவை எழுதினால் ஒரு தடவைக்குச் சற்றுக் கூடுதலாகவே பிழைபடும். கண் தெரியாத நிலையில் எழுதினால் பிழைக்கான வாய்ப்பு இன்னும் கூடும். ஓர் எழுத்து மாறினாலும் அது எல்பெரத் ஆகாது.

இதற்கு மருந்து எளிது. எழுதியவுடன் முக்காற்புள்ளி விசையை அழுத்தினால் காலடியில் எழுதியிருப்பதைப் படிக்கலாம். அதற்கு ஒரு முறையும் செலவாகாது. நான் பார்த்த வரையில் புதியவர்கள் விட்டுவிடும் முதல் படி இதுதான். பிழை இருந்தால் மீண்டும் எழுதுங்கள். அப்போது, ஏற்கெனவே இருப்பதோடு சேர்த்து எழுதவா என்ற கேள்வி வரும். ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டும். ‘சேர்’ என்று சொல்லிவிட்டால் பிழையான சொல்லும் சரியான சொல்லும் ஒரே வரியாகிவிடும். 3.6 வரிசையில் அந்தக் கட்டத்தில் எல்பெரத் என்ற ஒரு சொல் மட்டுமே இருக்க வேண்டும். கூட எது இருந்தாலும் பயனில்லை.

எழுத முடியாத இடங்களும் உண்டு. படிக்கட்டின் மேலும் நீரூற்றின் மேலும் பலிபீடத்தின் மேலும் எழுத முடியாது. காற்றில் மிதந்துகொண்டிருந்தால் தரையை எட்ட முடியாது. படிக்கட்டைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை, அங்கே நிற்பவருக்கு எழுதுவதைவிட ஏறிப் போவதே நல்ல வழி.

எழுத்து எப்படி அழிகிறது?

நீர்மேல் எழுத்து, கல்மேல் எழுத்து என்று நாம் பிரித்துச் சொல்வதைப் போல இங்கும் வகைகள் உண்டு. தூசி எழுத்து நீர்மேல் எழுத்துக்கு நெருங்கிய உறவு: அதன் மேல் நடந்தாலும், அதன் மேல் நின்று அடி வாங்கினாலும் எழுத்துகள் கலையக்கூடும். நெருப்பு மந்திரக்கோலையோ மின்னல் மந்திரக்கோலையோ கொண்டு எழுதினால் சொல் தரையில் எரிந்து பதியும். அது காலடியால் கலையாது. மின்னல் கோலால் எழுதினால் அந்த ஒளியில் உங்கள் கண் சிறிது நேரம் தெரியாமல் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கல்மேல் எழுத்தாயிற்றே, இனிக் கவலையில்லை என்று முடிவுகட்டும் இடத்தில்தான் பழைய அறிவுரையும் புதிய விளையாட்டும் மோதுகின்றன. நெட்ஹேக் 3.4.3 பதிப்பு 2003 டிசம்பரில் வெளிவந்தது. அடுத்த பெரிய பதிப்பான 3.6.0 வந்தது 2015 டிசம்பரில். இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எல்லாம் பழைய விதிகளின்படியே அமைந்தவை. அந்த விதிகளில், நெருப்பால் பொறித்த எல்பெரத்தின் மேல் நின்றுகொண்டு வருவோர் போவோரையெல்லாம் தாக்கலாம். எழுத்து அப்படியே இருக்கும். அதுவே ஆட்டத்தை வெல்லும் வசதியான உத்தியாக ஆகிவிட்டது.

3.6 வரிசை இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தது. முதலாவது, எழுத்தைக் கண்டு ஓர் எதிரி மிரளும் ஒவ்வொரு தடவையும் 7இல் ஒரு வாய்ப்பில் எழுத்து முழுவதுமாக அழிந்துவிடும். நெருப்பால் பொறித்ததற்கும் இதே விதிதான். ஒரே சுற்றில் நான்கு எதிரிகள் மிரண்டால், சுற்றின் முடிவில் எழுத்து எஞ்சியிருக்கும் வாய்ப்பு 54 விழுக்காடு. ஏறத்தாழ நாணயத்தைச் சுண்டிப் பார்ப்பதற்குச் சமம்.

இரண்டாவது மாற்றம், நான் செத்த கதையை விளக்குவது. எழுத்தின் மேல் நின்றபடி, அதை மதிக்கும் எதிரியை நீங்கள் தாக்கினால் எழுத்து அந்தக் கணமே மறையும். வாளால் வெட்டினாலும், அம்பெய்தாலும், தாக்கும் மந்திரம் சொன்னாலும் விளைவு ஒன்றே. கூடவே, நீங்கள் ஒரு பாசாங்குக்காரராக உணர்கிறீர்கள் என்ற செய்தி திரையில் தோன்றும். உங்கள் கடவுளிடம் உங்களுக்குள்ள நற்பெயரும் சற்றுக் குறையும். அடைக்கலம் கேட்டு உட்கார்ந்தவன் அங்கிருந்தே கத்தி வீசினால் அடைக்கலம் போய்விடும் என்ற இந்த விதி கடுமையானதுதான். ஆனாலும் நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. பழைய விதி ஆட்டத்தின் நடுப்பகுதியைச் சோம்பேறித்தனமாக ஆக்கியிருந்தது.

சுருக்கமாக: தூசி எழுத்து காலாலும் அடியாலும் கலையும், எரித்த எழுத்து அப்படிக் கலையாது. எதிரி மிரளும்போது 7இல் ஒரு வாய்ப்பில் எந்த வகை எழுத்தும் அழியும். நீங்கள் தாக்கினால் நிச்சயமாக அழியும்.

எழுதியாயிற்று, இனி என்ன?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். உங்கள் அனுபவ நிலை 6. உயிர்ப்புள்ளிகள் 40இல் 9தான் மீதம். இரண்டு சிப்பாய் எறும்புகள் பக்கத்தில் நிற்கின்றன. அவற்றின் வேகம் 18, உங்கள் வேகம் 12. நீங்கள் இரண்டு அடி வைப்பதற்குள் அவை மூன்று தடவை செயல்படும். ஓடித் தப்ப முடியாது. எல்பெரத்துக்கு இதைவிடப் பொருத்தமான வேளை இல்லை.

எழுதினீர்கள், படித்துப் பார்த்தீர்கள், சரியாக இருக்கிறது. எறும்புகள் விலகுகின்றன. இங்கே புதியவர் செய்யும் இயல்பான காரியம், உயிர்ப்புள்ளிகள் நிறையும் வரை அங்கேயே ஓய்வெடுப்பது. கணக்கைப் பாருங்கள்: 6ஆம் நிலையில் ஏறத்தாழ 6 முறைகளுக்கு ஓர் உயிர்ப்புள்ளிதான் இயல்பாக ஏறும். 20 புள்ளிகள் ஏற 120 முறைகள் வேண்டும். ஓடிய எறும்புகள் சில முறைகளில் அச்சம் தெளிந்து திரும்பி வரும், மீண்டும் மிரளும், ஒவ்வொரு மிரட்சியும் 7இல் ஒரு வாய்ப்பில் எழுத்தைத் தின்னும். சராசரியாக ஏழு மிரட்சிகளில் எழுத்து போய்விடும் என்னும்போது 120 முறைகள் தாக்குப்பிடிக்கும் என்று எதிர்பார்க்க இடமில்லை.

ஆகவே எல்பெரத் வாங்கித் தருவது ஓய்வுநாள் அல்ல, ஒருசில முறைகள். அவற்றை, நிலைமையை ஒரேயடியாக மாற்றும் செயலுக்குச் செலவிட வேண்டும்: குணமாக்கும் மருந்தைக் குடிப்பது, இடம்பெயர்க்கும் சுருளைப் படிப்பது, உடல் அந்த அளவுக்கு நலிந்திருந்தால் கடவுளிடம் வேண்டுவது. மருந்து குடிப்பதும் சுருள் படிப்பதும் தாக்குதல் ஆகா என்பதால் எழுத்து அழியாது. கையில் எதுவுமே இல்லையென்றால், எறும்புகள் ஓடியிருக்கும் இடைவெளியில் படிக்கட்டை எட்ட முடியுமா என்று தொலைவை எண்ணிப் பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் முக்காற்புள்ளி விசையால் எழுத்து இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொண்டே இருங்கள். போயிருந்தால் திரும்ப எழுதுங்கள்.

எதிரில் சிப்பாய் எறும்புக்குப் பதில் சிப்பாய் மனிதன் நின்றால், ‘@’ குறியைப் பார்த்த உடனேயே இந்த யோசனையைக் கைவிட்டு வேறு வழி தேட வேண்டும்.

மற்றொரு நிலவறையில் மற்றொரு குறி

எல்லா நிலவறை விளையாட்டுகளும் பாதுகாப்புக் குறியை இப்படி அமைக்கவில்லை. 1990இல் இங்கிலாந்தின் வாரிக் பல்கலைக்கழகத்தில் உருவான ஆங்பாண்ட் விளையாட்டிலும் தரையில் இடும் காப்புக்குறி உண்டு. அங்கே எதிரி எதையும் படித்து மிரள்வதில்லை. குறி உண்மையாகவே அதைத் தடுத்து நிறுத்துகிறது, எதிரி அதை உடைத்துக்கொண்டு வர முயல்கிறது. பழைய பதிப்புகளில் ஒவ்வொரு முயற்சிக்கும் விளையாட்டு 1 முதல் 550 வரை ஓர் எண்ணை எடுக்கும். அது எதிரியின் நிலையைவிடச் சிறியதாக இருந்தால் குறி உடையும். 30ஆம் நிலை எதிரிக்கு இது ஏறத்தாழ 5 விழுக்காடு. 100ஆம் நிலை எதிரிக்கு 18 விழுக்காடு. நெட்ஹேக்கிலோ எதிரியின் வலிமைக்கும் எழுத்து அழிவதற்கும் தொடர்பே இல்லை: எலி மிரண்டாலும் டிராகன் மிரண்டாலும் அதே 7இல் ஒன்று.